போர்நடனத்துக்கு முன்னால் கை கட்டி நின்றவன்

நான் ஓய்வு பெற்றவள். வயது இருபத்தொன்பது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் றக்பி ஆடியபோது இடது முழங்கால் ஒரு தடவை பிரண்டது. அதற்குப் பிறகு ஆடாமல், ரொறன்ரோவில் ஆண்களின் ஆட்டங்களுக்குக் கோட்டோரம் ஓடிக் கொடி பிடிக்கும் வேலைக்குப் போனேன். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும். நடுவரின் முதுகுக்குப் பின்னால் எவனாவது எவனையாவது குத்தினால் அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. போன இலையுதிர் காலத்தில் அதே முழங்கால் மறுபடி போனது. இனியும் ஓடினால் நாற்பதில் தடி ஊன்றுவாய் என்றார் டொக்டர். கொடியைத் திருப்பிக் கொடுத்தேன். விழா, பொன்னாடை, மோதிரம் ஒன்றும் கிடையாது. ஒரு சான்ட்விச் தந்தார்கள்.

இதை எழுதக் காரணம் எனக்குப் பிறகு கொடி பிடிக்க வந்திருக்கும் சின்னப் பெட்டைகள். பசிபிக் பக்கமிருந்து வரும் அணிகள் ஆட்டத்துக்கு முன்னால் போர்நடனம் ஆடும் அல்லவா, அதற்கு இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. ஆடுகிறவர்கள் தங்கள் கோட்டுக்குப் பின்னால், பார்த்து நிற்கும் எதிரணி தன் கோட்டுக்குப் பின்னால், முடியும்வரை ஒருவரும் தாண்டக்கூடாது. "அக்கா, உங்கட காலத்தில இதுக்கெல்லாம் ரூல்ஸ் இல்லையாமே, என்ன செய்தனீங்கள்?" என்று ஒருத்தி ஈமெயில் போட்டிருந்தாள். என்னுடைய காலமாம். கற்காலத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறாள். நான் சொல்வது இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் வகுப்பு, ஒரு பரீட்சை, ஒரு விசில் (கொடிக்காரிக்கு விசில் எதற்கு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை), பிறகு மழையிலும் சேற்றிலும் பள்ளிப் பையன்களின் ஆட்டங்கள். வீட்டில் அம்மா ஒரேயொரு கருத்துத்தான் சொன்னார்: "அரைக்காற்சட்டையோட ஆம்பிளையளின்ர காலைப் பாத்துக்கொண்டு ஓடுறதுக்கோ யூனிவர்சிற்றிக்குப் போனனி?"

அம்மாவுக்குத் தெரியாது, அதுதான் உண்மையிலேயே வேலை என்று. காலைப் பார்ப்பது.

அதைச் சொல்லித் தந்தவர் பவல். அவர்தான் எங்கள் நடுவர்களுக்குத் தலைவர். வேல்ஸ்காரர். கிழமை நாட்களில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக எரிந்த வீடுகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது அவர் தொழில். தீயில் எல்லாம் போய்விட்டது என்று அழுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவர், அதனால் சொல்வதை நம்பாமல் கிடப்பதை மட்டும் பார்க்கிற பழக்கம் அவருக்கு மைதானத்திலும் இருந்தது. எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் அவருக்குக் "கொடி". "கொடி, எதைக் கண்டாய்?" என்பார். "நான் என்ன நினைக்கிறேன் என்றால்" என்று நான் வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார். நினைத்தது வேண்டாம், கண்டது வேண்டும். விசிலைக் கழுத்தில் தொங்கவிடமாட்டார், உள்ளங்கைக்குள் மூடி வைத்திருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இனிமையான மனிதர் என்றும் சொல்லமாட்டேன்.

போர்நடனத்துக்கு அவரிடம் ஒரு நடைமுறை இருந்தது. ஒழுங்கு எழுதப்படாத காலத்தில் அது அவருடைய சொந்த ஒழுங்கு. தான் நடுக்கோட்டின் ஒரு முனையில் போய் நிற்பார், இரண்டு அணிகளும் இரண்டு கயிறு இழுத்த மாதிரித் தெரியும் இடத்தில். மற்றக் கொடிக்காரரை ஆடுகிறவர்களுக்குப் பின்னால் விடுவார். என்னைப் பார்க்கிறவர்களின் பக்கத்தில் விடுவார். "ஆடுகிறவர்களை ஊர் முழுக்கப் பார்க்கும். அதற்கு நீ தேவையில்லை. எதிரே நிற்கிறவர்களின் பாதத்தைப் பார். குதிகால் நிலத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. குதிகால் எழும்பினால் அவன் முன்னால் வரப்போகிறான். பாதத்துக்குப் பிறகு கை. முகத்தைக் கடைசியாகப் பார், முகம் பொய் சொல்லும்."

இந்த முறையில் நான் நிறையக் கால் பார்த்தேன். சில அணிகள் தோளோடு தோள் சேர்ந்து கை கோத்து நிற்கும், அது நல்லது, கோத்த கை குத்தாது. ஒரு பொலிஸ்காரர் அணி அடி அடியாக முன்னேறிப் போய் மூக்கோடு மூக்கு முட்ட நின்றது. குதிகால் எழும்பிய கணத்திலேயே நான் கொடியை உயர்த்தினேன், பவல் மெதுவாக நடந்துபோய் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டு சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். குனிந்து கயிறு கட்டுகிற கிழவனைத் தாண்டி எவனும் சண்டை பிடிக்க முடியாது. வேறொரு நாள் ஒரு வங்கிக்காரர் அணி, நடனம் முடிந்ததும் கை தட்டியது. நாடகம் பார்த்த மாதிரி. ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதை முதல் பத்து நிமிடங்களில் வங்கிக்காரர்களின் விலாவெலும்புகள் அறிந்துகொண்டன.

இவை எல்லாம் சின்ன விசயங்கள். சுதனின் விசயம்தான் கடினம்.

சுதன் பார்க்டேலில் வளர்ந்தவன், அப்போது பத்தொன்பது வயது. இங்கே வந்த முதல் தமிழ்க் குடும்பங்கள் அடைந்து கிடந்த அந்த உயர்ந்த கட்டடங்களில் ஒன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பழகிய றக்பியோடு மேற்கு ரொறன்ரோவின் ஒரு கழகத்துக்கு வந்திருந்தான். அவன் ஆடிய இடம் புல் பாக். எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்கும் கடைசி ஆள். எதிரணி வானத்துக்கு உதைக்கும் பந்தை அவன் பிடிக்க வேண்டும், பிடிக்கும் அதே நேரத்தில் நாலைந்து தடியன்கள் அவன்மேல் வந்து விழுவார்கள். அந்தக் கழகத்தில் தமிழன் அவன் ஒருவன்தான். என்னை "அக்கா" என்று கூப்பிடுவான். ஆட்ட நேரத்தில் கூப்பிடாதே என்று நான் முறைத்தால், "சொறி ரெஃப்" என்பான், நான் ரெஃப் இல்லை என்று தெரிந்தும்.

அந்த வசந்தத்தில் நியூசிலாந்திலிருந்து மாவோரி இளைஞர்களின் கழகம் ஒன்று ஆட்டச் சுற்றுப்பயணம் வந்தது. சுதனின் கழகத்தோடு அவர்கள் ஆடிய சனிக்கிழமை மாகாண அணிக்கு ஆள் தெரிவு செய்பவர் வந்து, மடக்குக் கதிரையில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். அவர் தேடி வந்தது ஒரு புல் பாக்கை. கழகம் முழுவதற்கும் அது தெரியும்.

சுதனுக்கு அது ஒரே சனிக்கிழமை. ஆட்டத்துக்கு முன்னால் நான் சப்பாத்து ஆணிகளைப் பரிசோதித்துக்கொண்டு போனபோது காலைத் தூக்கிக் காட்டியபடியே சொன்னான்: "அக்கா, வாற மாசம் தொடக்கம் மிசிசாகாவில எயார்போட் வேலை. வீக்கெண்ட் ஷிஃப்ற். இண்டைக்கு எடுத்தா ஷிஃப்ற்றை மாத்தித் தாங்கோ எண்டு கேக்கலாம். எடுக்காட்டி, தற்ஸ் இற், ஃபினிஷ்ட்."

"மற்றக் காலைத் தூக்கு," என்றேன்.

சுதனின் கழகத்துப் பயிற்சியாளர் றோய், வீடு விற்பவர், உயரமான ஆள். அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. விருந்தாளிகள் போர்நடனம் ஆடும்போது தன் அணி முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்று பந்து எறிந்து பழக வேண்டும். "அவர்கள் குதிக்கட்டும். நமக்கு வேலை இருக்கிறது," என்றார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. பவல் கேட்டுவிட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை வாங்கிக்கொண்டார். ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: அந்த நாட்களில் பெயர்களை நடுவரிடம் கொடுத்த பிறகு ஒருவனை மாற்றுவதென்றால் அவனுக்கு அடிபட்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்பதற்காக ஆளை மாற்ற முடியாது. இப்போது மாற்றலாம், அப்போது முடியாது.

விருந்தாளிகள் வரிசை கட்டினார்கள். முன்னுக்கு நின்றவன் அவர்களின் தலைவன் விரேமு, காதைச் சுற்றிப் பட்டி ஒட்டிய அகலமான மனிதன். அவன் குரல் எடுத்தான். தொடையில் கை அறையும் சத்தம் மைதானத்துக்கு வெளியே நின்ற நாய்களைக் குரைக்க வைத்தது. றோயின் ஆட்கள் சொன்னபடி முதுகைத் திருப்பிப் பந்து எறியத் தொடங்கினார்கள்.

நான் பாதங்களைப் பார்த்தேன். எல்லாக் குதிகால்களும் ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பியிருந்தன, ஒரு சோடியைத் தவிர.

சுதன் திரும்பவில்லை. வட்டத்துக்குப் பின்னால் தனியாக, ஆடுகிறவர்களைப் பார்த்தபடி நின்றான். குதிகால் இரண்டும் நிலத்தில். அடுத்து கை. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தான். கடைசியாக முகம். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணைப் புல்லில் வைத்திருந்தான்.

தமிழ் வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் இது என்ன என்று உடனே தெரியும். அதிபருக்கு முன்னால், தேவாரம் பாடும்போது, பெரியவர் ஒருவர் பேசும்போது நிற்கிற நிலை. மரியாதையின் உச்சம். றக்பி மைதானத்தில், உன்னைப் போருக்கு அழைத்து ஆடுகிறவனுக்கு முன்னால், அது வேறு ஒன்று. "இதையெல்லாம் எத்தனை பார்த்துவிட்டேன், உன் முகத்தைப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை" என்று அர்த்தம்.

முதுகு காட்டிய பதினாலு பேரையும் விரேமு விட்டுவிட்டான். ஆடிக்கொண்டே வட்டத்தைச் சுற்றிவந்து, சுதனுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, நாக்கை நீட்டிக் கடைசிச் சொல்லை அவன் நெற்றியில் கத்தினான். சுதன் கையை இன்னும் இறுக்கினான். தலையை இன்னும் தாழ்த்தினான். அவனளவில் அவன் மரியாதையைக் கூட்டிக்கொண்டிருந்தான். விரேமுவின் பின்னால் இருவர் கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

நடனம் முடிந்து விருந்தாளிகள் தங்கள் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்கள். றோய் கோட்டுக்கு உள்ளேயே நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. தன் திட்டத்தை ஒரு பொடியன், தெரிவாளருக்கு முன்னால், குழப்பிவிட்டான். சுதனின் காதருகில் ஏதோ சொன்னார். பிறகு பவலைப் பார்த்துக் கையை உயர்த்தினார்: "அடிபட்டுவிட்டது! கணுக்கால்! ஆள் மாற்றுகிறோம்!" வெளியே கெவின் என்ற மாற்று ஆட்டக்காரன் ஏற்கெனவே ட்ராக் சூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பவல் என்னைப் பார்த்தார். "கொடி. போய்ப் பார்."

போனேன். சுதன் நேராக நின்றான்.

"கணுக்காலுக்கு என்ன?"

"ஒண்டும் இல்லை அக்கா. நொண்டு எண்டு சொல்லுறார். இப்ப நொண்டிக்கொண்டு வெளியில போனா அடுத்த கிழமை ஆடலாமாம். இல்லாட்டி இந்தக் கிளப்பிலயே இனி இடமில்லையாம்."

"ஏன்ரா திரும்பேல்லை நீ?"

"ஒராள் எனக்கு முன்னால நிண்டு ஆடேக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறதே? அம்மா அறிஞ்சா செருப்பெடுப்பா. பிறகு கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. சனிக்கிழமைத் தமிழ் கிளாஸ் மாதிரிக் கட்டினன். லைக், வட் எல்ஸ் டு யூ டூ?"

"ஆங்கிலத்தில் பேசுங்கள்," என்றார் றோய். "என்ன பேசுகிறீர்கள்?"

"கணுக்காலைப் பற்றி," என்றேன்.

"அக்கா, நான் என்ன செய்ய?" என்றான் சுதன், இந்தத் தடவை மெதுவாக.

அதற்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை. "நான் கண்டதைத்தான் சொல்லுவன்," என்றேன். பவலிடம் திரும்பி வந்தேன்.

"எதைக் கண்டாய்?"

"வீக்கம் இல்லை. நிற்கிறான். வலி இல்லை என்கிறான்."

"வலி இருக்கிறது!" என்றார் பின்னால் வந்த றோய். "அவன் வெட்கத்தில் மறைக்கிறான்!"

பவல் றோயை, எரிந்த வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சுதனைக் கூப்பிட்டார். கோல் கம்பங்களைக் காட்டினார். "அதுவரை ஓடித் திரும்பி வா."

அதுதான் பவல். ஒருவரோடும் வாதாடமாட்டார். சாமானை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுவார்.

சுதன் றோயைப் பார்த்தான். றோய் கண்ணாலே நொண்டு என்றார். எல்லோரும் காத்து நின்றார்கள், தெரிவாளர் பிளாஸ்க் மூடியில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு அடி நடந்தான். நொண்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு ஓடினான். சும்மா ஓடவில்லை. கம்பத்தைத் தொட்டுத் திரும்பி, புல் பறக்க, பவலுக்கு முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றான்.

"மாற்றம் இல்லை," என்றார் பவல். விசிலை உள்ளங்கையிலிருந்து எடுத்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கணுக்கால் கதை விருந்தாளிகளுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது, தங்கள் நடனத்துக்குக் கை கட்டி நின்றவன், அது முடிந்ததும் தங்களுக்கு முன்னால் ஓடி வித்தையும் காட்டினான் என்பதைத்தான்.

அதனால் முதல் உதையிலிருந்தே பந்து சுதனுக்குத்தான் போனது. வானம் வரை உதைத்து, அது இறங்கும் இடத்துக்கு விரேமுவும் கூட்டமும் ஓடி வருவார்கள். முதலாவதைப் பிடித்தான், மிதிபட்டான். இரண்டாவதை நழுவவிட்டான், அவர்கள் அதை எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி பெற்றார்கள். றோய் கோட்டோரத்தில் என் காதுக்குக் கேட்க, "பார், பார்" என்றார். அதற்குப் பிறகு சுதன் ஒன்றையும் விடவில்லை. அவனுடைய ஆட்களோ பந்தை அவனுக்குக் கொடுக்கவே இல்லை. றோய் சொல்லியிருந்தாரோ, அவர்களுக்கே கோபமோ, தெரியாது. இடைவேளையில் அவனுக்குப் பக்கத்தில் ஒருவனும் நிற்கவில்லை, தோடம்பழத் துண்டைத் தானே போய் எடுத்தான்.

நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் அவனைவிட அதிகமாகப் பந்தைத் தொட்டவன் இல்லை. ஒரு புல் பாக்கைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டுமென்றால் எதிரணியிடம் காசு கொடுத்துத்தான் அப்படி உதைக்கச் சொல்ல வேண்டும். இவர்கள் கோபத்தில் இலவசமாகச் செய்தார்கள். விரேமுவின் ஆட்களே அலுத்துப்போய் வேறு பக்கம் உதைக்கலாம் என்றபோது, "இல்லை, அவனுக்கு" என்று விரேமு கத்தியதை நான் கேட்டேன். தெரிவாளர் கதிரையை விட்டு எழும்பிக் கோட்டருகே வந்துவிட்டார். கடைசிப் பகுதியில் ஒரு பந்தை விரேமுவின் தலைக்கு மேலே எழும்பிப் பிடித்து, கொடுக்க ஆளில்லாமல் தானே நடுக்கோட்டைத் தாண்டி ஓடி, பிடிபடும்போது பக்கத்தில் வந்த ஒரு சக ஆட்டக்காரனுக்கு எறிந்தான். அவன் போய்ப் புள்ளி வைத்தான். வைத்துவிட்டு எவரை நன்றியோடு பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான். ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள், அது வேறு.

பிறகு கழக வீட்டில் சான்ட்விச் நேரத்தில் விரேமு என்னிடம் வந்தான். "அந்தப் பையனுக்கு எங்களோடு என்ன கோபம்?" என்று கேட்டான். சொன்னேன். கை கட்டுவது எங்களிடம் என்ன, எங்கே, எவருக்கு முன்னால் என்று.

அவன் சான்ட்விச்சைத் தட்டில் வைத்தான். "மற்றவர்கள் முதுகைக் காட்டினார்களே, அதுவும் உங்கள் ஊரில் மரியாதையா?"

"இல்லை. அது எந்த ஊரிலும் அதுதான்."

"அப்படியென்றால் நாள் முழுக்க ஆளை மாறி அடித்திருக்கிறேன்," என்றான். போய்ச் சுதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சுதனின் ஐஸ் பையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

தெரிவாளர் பவலிடம் வந்து அந்தப் புல் பாக்கைப் பற்றிக் கேட்டார். ஆட்டக்காரர்களைப் பற்றி நடுவர் அபிப்பிராயம் சொல்வதில்லை, பயிற்சியாளரைக் கேளுங்கள் என்றார் பவல். கேட்டார். றோய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்னுடைய பையன். நானே வளர்த்தேன்," என்றார். அடுத்த ஞாயிறு காலை, நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் தெரிவுப் பயிற்சி என்றார் தெரிவாளர். "நானே என் காரில் கொண்டுவந்து விடுகிறேன்," என்று றோய் சுதனின் தோளில் கை போட்டார். சுதன் அந்தக் கையை மரியாதையாக எடுத்து மேசையில் வைத்தான். "நோ தாங்க்ஸ்."

வாகனத் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன். மூக்கு வீங்கியிருந்தது, காதில் சேறு.

"ஸ்ரௌவ்வில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, தெரியுமோ?"

"ஓம் தெரியும்."

"அப்ப அந்த மனுசன்ர காரில போயிருக்கலாமே. வீம்புக்கு என்னத்தைச் செய்யப்போறாய்?"

"ஓடிப் போவன். கால் நல்லா இருக்கெண்டு நீங்கள்தானே அக்கா றிப்போட் குடுத்தனீங்கள்?"

போனான். அணிக்கு எடுத்தார்கள். எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். நடுவர்களும் கொடிக்காரர்களும் ஆட்டக்காரனைத் தங்கள் காரில் ஏற்றக்கூடாது என்பது பவலின் சட்டங்களில் ஒன்று. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் சொல்லமாட்டேன்.